மெக்கானிக்கல் படிக்கிறேன், தொழில்முனைவில் மைனர் டிகிரி எடுக்கலாமா?

வெண்ணாற்றுக்கரை:

வணக்கம். தஞ்சாவூர் பக்கம், அண்ணா பல்கலைக்கழக இணைப்பில் உள்ள ஒரு கல்லூரியில் பி.இ. மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு முடித்திருக்கிறேன். ஊர் நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் இடையில். அரசுப் பள்ளியில் படித்ததால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது, கட்டணத்தை அரசே கட்டுகிறது. கல்விக்கடன் இல்லை. கடன் இருந்தால் படித்து முடித்ததும் கிடைத்த வேலைக்குப் போயே ஆக வேண்டும். எனக்கு அந்த நெருக்கடி இல்லை என்பதால்தான் இதைக் கேட்கிறேன்.

பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி மைனர் டிகிரிக்கு (பி.இ.யோடு சேர்த்து எடுக்கும் துணைப் பட்டம்) விருப்பம் கேட்டிருக்கிறார்கள். கூடுதலாக ஆறு தாள், 18 கிரெடிட். ஃபின்டெக், பொது நிர்வாகம், பிசினஸ் டேட்டா அனலிட்டிக்ஸ், சுற்றுச்சூழல், தொழில்முனைவு என்று பிரிவுகள் இருக்கின்றன. தோழிகள் டேட்டா பக்கம் போகிறார்கள். மற்றவர்கள் மைனரே வேண்டாம், அந்த நேரத்தில் கோடிங் படித்து பிளேஸ்மென்டுக்குத் தயாராகலாம் என்கிறார்கள். எனக்குத் தொழில்முனைவு எடுக்க ஆசை.

காரணம் எங்கள் வீட்டு நெல். அப்பாவுக்கு அரை வேலி நிலம். குறுவை அறுக்கிற நேரமும் மழை தொடங்குகிற நேரமும் ஒன்றாக வந்துவிடுகிறது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுப்பதில்லை. நெல்லை ரோட்டோரம் கொட்டி, வெயில் வந்தால் கிளறி, தூறல் விழுந்தால் தார்ப்பாய் போட்டு மூடி, ராத்திரி அம்மா அங்கேயே படுத்துக் காவல் காப்பார். ஒரு வருடம் குவியலின் அடியில் நெல் முளைத்தே விட்டது. அதைக் கையில் அள்ளிப் பார்த்ததிலிருந்து இதற்கு ஒரு வழி செய்தே ஆக வேண்டும் என்று இருக்கிறேன்.

என் யோசனை இதுதான்: டிராக்டரில் இழுத்துப்போகிற மாதிரி, உமியில் எரியும் உலர்த்தி. ஒரு டன் கொள்ளளவு. கடைசி ஆண்டு ப்ராஜெக்டாகச் செய்து, பிறகு அதையே தொழிலாக்க வேண்டும். இதற்கு அந்த ஆறு தாள்கள் உண்மையிலேயே உதவுமா? வங்கிக் கடனுக்கு மைனர் சான்றிதழ் பயன்படுமா? அல்லது பி.இ. முடித்து எம்.பி.ஏ. படிப்பது நல்லதா? அப்பா “முதல்ல ஒரு வேலைக்குப் போ, அப்புறம் பாக்கலாம்” என்கிறார். அவர் சொல்வதும் எனக்குப் புரிகிறது.

வல்லம் ரோடு:

நான் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆசிரியர், தொழில்முனைவோர் மேம்பாட்டுப் பிரிவையும் கவனிக்கிறேன். படிப்பு சம்பந்தமானதை மட்டும் சொல்கிறேன்.

அந்த ஆறு தாள்களில் வருவது இவ்வளவு: தொழில்முனைவின் அடிப்படை, குழுவும் தலைமையும், படைப்பாற்றலும் புத்தாக்கமும், சந்தைப்படுத்தல், மனிதவளம், புதிய தொழிலுக்கு நிதி திரட்டுவது. நிதித் தாளையும் சந்தைத் தாளையும் கவனமாகப் படித்தால் நிச்சயம் பயன் உண்டு. வரவு செலவுத் திட்டம், நடைமுறை மூலதனம், எத்தனை இயந்திரம் விற்றால் முதல் திரும்பும் என்ற கணக்கு, இதெல்லாம் மெக்கானிக்கல் பாடத்தில் எங்கேயும் முழுதாக வராது. மற்றவை, யார் நடத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தது. எழுதிவைத்ததைப் படித்துக் காட்டும் ஆசிரியர் வந்தால் தேர்வுக்கு முந்தின இரவு படித்தே தேறிவிடலாம், அதில் ஒன்றும் கிடைக்காது. சீனியர்களிடம் விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். ஐ.ஐ.டி.க்கள் இணையத்தில் இலவசமாகத் தரும் என்.பி.டி.இ.எல்.-லிலும் தொழில்முனைவுப் பாடங்கள் உண்டு. மைனர் எடுக்காவிட்டாலும் அதைப் பார்க்கலாம்.

மாணவர்களுக்கு அதிகம் தெரியாத விஷயம் ஒன்று. மத்தியக் கல்வி அமைச்சகம் (அப்போது மனிதவள மேம்பாட்டு அமைச்சகம்) 2019-ல் மாணவர், ஆசிரியர்களுக்கான புத்தாக்க, ஸ்டார்ட்அப் கொள்கை வெளியிட்டது. தொழில் தொடங்கும் மாணவர் ஒரு செமஸ்டரோ ஒரு வருடமோ இடைவெளி எடுத்துவிட்டுத் திரும்பப் படிக்கவும், வருகைப் பதிவில் சலுகை பெறவும் அதில் இடம் இருக்கிறது. உங்கள் கல்லூரி அதை ஏற்று நடைமுறைப்படுத்தியிருக்கிறதா என்று கேளுங்கள்.

அப்புறம் காப்புரிமை. உலர்த்தியில் உண்மையிலேயே புதிதாக ஏதாவது செய்தால், அதை ஹாக்கத்தானிலோ கண்காட்சியிலோ விரித்துக் காட்டும் முன்பு ஒரு தற்காலிக விண்ணப்பம் போட்டுவிடுங்கள். பொதுவில் காட்டிய பிறகு அது புதிது என்று நிறுவுவது சிரமம். தற்காலிக விண்ணப்பம் போட்டால் முழு விவரம் தர 12 மாதம் அவகாசம் உண்டு. கல்லூரி பெயரில் போட்டால் 2021 முதல் கட்டணத்தில் 80 சதவீதம் சலுகை. ஆனால் உரிமை யாருடையது என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள். என் மாணவர்களிடம் நான் தயங்காமல் வற்புறுத்துவது இது ஒன்றைத்தான்.

மன்னை பட்டறை:

தங்கச்சி, நானும் மெக்கானிக்கல்தான். படித்து முடித்து துவாக்குடி பக்கம் கொதிகலன் பாகங்கள் செய்யும் ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட்டில் சில வருடம் வேலை பார்த்தேன். இப்போது மன்னார்குடியில் சொந்தப் பட்டறை. ஆனி, ஆடியில் கேஜ் வீல் (சேற்று உழவுக்கு டிராக்டரில் மாட்டும் இரும்புச் சக்கரம்), டிரெய்லர். புரட்டாசியிலும் தையிலும் பெல்ட் வண்டி, அதாவது அறுவடை இயந்திரம், ரிப்பேர். நீங்கள் சொல்கிற உலர்த்தியைப் பற்றி இங்கே பட்டறைக்கு வருகிற ஆட்களிடம் பல தடவை பேசியிருக்கிறேன். அதனால் உங்கள் யோசனையையே எடுத்துக்கொண்டு பேசுகிறேன். மைனர் எடுக்கலாமா என்பதற்கும் அதிலேயே பதில் கிடைக்கும்.

முதலில் உங்களுக்குத் தெரிந்த கணக்கு. ஒரு டன் நெல்லின் ஈரப்பதத்தை 22 சதவீதத்திலிருந்து 17-க்குக் கொண்டுவர வேண்டும். வெளியேற்ற வேண்டிய தண்ணீர், 1000-ஐ 5-ஆல் பெருக்கி, நூற்றில் 17 போக மிச்சமுள்ள 83-ஆல் வகுத்தால் சுமார் 60 கிலோ. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க இரண்டரை மெகாஜூல் என்று வைத்தால் 150 மெகாஜூல். அடுப்பும் காற்றும் சேர்ந்து பாதித் திறன் என்றால் 300. உமியில் கிலோவுக்கு 13 மெகாஜூல் வரும். ஆக 23, 24 கிலோ உமி. ஒரு டன் நெல்லை அரைத்தாலே 200 கிலோ அளவுக்கு உமி வருகிறது. எரிபொருள் ஒரு பிரச்சினையே இல்லை. இதுவரைக்கும் உங்கள் யோசனை அருமை.

அடுத்தது வேகம். நெல்லை அவசரமாகக் காய வைத்தால் அரிசி விரிசல் விட்டு, ஆலையில் நொய்யாகப் போகும். மணிக்கு ஒரு சதவீதம், மிஞ்சினால் ஒன்றரை. அப்படியானால் ஒரு டன்னுக்கு நாலைந்து மணி நேரம். ஒரு பெல்ட் வண்டி மணிக்கு ஏறக்குறைய ஒரு ஏக்கர் அறுக்கும், அதில் இரண்டு டன் நெல் வரும். உங்கள் இயந்திரம் முதல் டன்னை முடிக்கும்போது களத்தில் எட்டு டன் வந்து நிற்கும். மழை வரும் என்று தெரிந்தால் ஊரில் இருக்கிற எல்லா வயலிலும் ஒரே நாளில் வண்டி இறங்கும். டிராக்டரில் இழுக்கிற ஒரு டன் உலர்த்தி யாருக்கு முதலில் போவது?

இதையும் பொறியியலால் சமாளிக்கலாம். பெரிதாகச் செய்யலாம், நாலைந்து செய்யலாம். அடுத்துச் சொல்லப் போவதற்குத்தான் தொழில்முனைவுப் படிப்பு வேண்டும்.

அந்த 60 கிலோ தண்ணீருக்கு விலை உண்டு. 2025-26 பருவத்தில் சன்ன ரகத்துக்கு ஊக்கத்தொகையோடு குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். 60 கிலோவுக்கு ஏறக்குறைய 1,527 ரூபாய். நெல்லை எடை போட்டுத்தானே வாங்குகிறார்கள்! உலர்த்தினால் விவசாயி தன் மூட்டையிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் எடையை இழக்கிறார், அதற்கு மேல் உங்களுக்குக் கூலியும் தருகிறார். 17-க்குக் கீழே இன்னும் நன்றாகக் காய்ந்த நெல்லுக்குக் கூடுதல் விலை கிடையாது. அப்படியிருந்தும் ஏன் உலர்த்துவார்? எடுக்க மாட்டோம் என்று சொன்னால் மட்டும்தான். மழை கொட்டும்போது என்ன நடக்கிறது? மாநில அரசு டெல்லிக்குக் கடிதம் எழுதும், குழு வந்து மாதிரி எடுக்கும், பல தடவை தளர்வு வரும். 2022 அக்டோபரில் 19 வரை, 2023 பிப்ரவரியில் 20 வரை அனுமதித்தார்கள். 2025 அக்டோபரில் 22 வரை கேட்டார்கள். அந்தத் தளர்வு விவசாயிக்கு அவசியம், அது வராவிட்டால் நானே கோபப்படுவேன். ஆனால் அறிவிப்பு வந்த நிமிடத்தில் உலர்த்தி வாடகைக்கு எடுக்க நின்ற வரிசை கலைந்துவிடும். உங்கள் தொழிலின் தேவையைக் கூட்டுவதும் குறைப்பதும் டெல்லியில் போடும் ஒரு கையெழுத்து.

இன்னொன்று. குறுவை அறுவடை ஐந்தாறு வாரம். சம்பா அறுவடையில் தை வெயில் இருக்கிறது, பனி போனால் போதும், களத்திலேயே காய்ந்துவிடும். மிச்ச மாதங்கள் இயந்திரம் கொட்டகையில் நிற்கும். வங்கி வட்டி நிற்காது. எத்தனை லட்சம் போட்டோம், வருடத்தில் எத்தனை நாள் ஓடும், நாளைக்கு எத்தனை டன், இந்த மூன்றையும் வைத்து ஒரு டன்னுக்கு என்ன கூலி வாங்க வேண்டும் என்று போட்டுப் பாருங்கள். வருகிற தொகையை உங்கள் அப்பாவிடம் சொல்லி, கொடுப்பீர்களா என்று கேளுங்கள். அவர் முகத்தைப் பாருங்கள்.

இதனால் யோசனையை விட்டுவிடச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அம்மா ரோட்டில் படுத்திருந்ததைப் பார்த்து வந்த யோசனை, அதை விடக் கூடாது. உலர்த்தினால் யாருக்கு லாபம் கூடுகிறது என்று தேடுங்கள் என்கிறேன். விதைநெல் உற்பத்தி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சான்று விதையில் ஈரப்பதம் 13-க்கு மேல் இருக்கக் கூடாது, எந்தத் தளர்வுக்கும் அவர்கள் காத்திருக்க முடியாது. மாப்பிள்ளைச் சம்பா, கருங்குறுவை என்று பாரம்பரிய ரகம் வைத்து அரிசியாக விற்கிறவர்கள் திருத்துறைப்பூண்டி பக்கம் நிறைய. மாதக்கணக்கில் இருப்பு வைத்து விற்பதால் 13, 14-க்குக் கொண்டுவந்தே ஆக வேண்டும். அவர்களுக்கு ஒரு டன் போதும், வேகமும் தேவையில்லை.

ஆக, மைனர் எடுங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் ஆறு தாளிலும் ப்ராஜெக்ட், அசைன்மென்ட் என்று எது கொடுத்தாலும் இந்த ஒரு இயந்திரத்தையே எழுதுங்கள். சந்தைத் தாளுக்கு விதைப் பண்ணைக்காரர்களிடம் பேசி எழுதுங்கள். நிதித் தாளுக்கு மேலே சொன்ன கூலிக் கணக்கைப் போடுங்கள். குழுத் தாளுக்கு, வெல்டர் ஒருவரை நீங்கள் எப்படிச் சேர்ப்பீர்கள், வேலை இல்லாத மாதத்தில் என்ன கொடுப்பீர்கள் என்று எழுதுங்கள். படித்து முடிக்கும்போது வங்கிக்குக் கொடுக்கிற திட்ட அறிக்கை முக்கால்வாசி தயாராகியிருக்கும்.

எம்.பி.ஏ. இப்போது வேண்டாம். தொழிலே தொடங்காமல் இன்னும் இரண்டு வருடம் தொழிலைப் பற்றிப் படிப்பதற்குப் பதில், ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட்டில் இரண்டு வருடம் இருங்கள். அப்பா சொல்கிற வேலைக்குப் போனது போலவும் ஆயிற்று. தகடு எங்கே மலிவு, கட்டிங்கில் எவ்வளவு வீணாகும், பில் போட்டு எத்தனை நாளில் பணம் வரும், இதெல்லாம் சம்பளம் வாங்கிக்கொண்டே தெரிந்துகொள்ளலாம்.

வெண்ணாற்றுக்கரை:

அண்ணா, 1,527 ரூபாய் என்ற எண்ணைப் பார்த்ததும் அப்பாவிடம் போய்க் கேட்டேன். “ஈரத்தோட எடுத்தா யாரு காயவப்பா?” என்று உடனே சொல்லிவிட்டார். இதைக் கேட்கவே எனக்கு இதுவரை தோன்றவில்லை.

விதைநெல் யோசனை பிடித்திருக்கிறது. ஆனால் விதைக்கும் பாரம்பரிய ரகத்துக்கும் ஒரு பருவம்தானே? வருடத்தில் மற்ற மாதம் ஓட வழி இருக்கிறதா? இன்னொன்று, கடன் வாங்க 21 வயது ஆக வேண்டும் என்கிறார்கள். சான்றிதழ் பற்றியும் யாரும் சொல்லவில்லை.

பேராவூரணி தென்னை:

பாப்பா, நான் தென்னை விவசாயி. எங்கள் பக்கத்துக்கு வந்து பார்த்துவிட்டு அப்புறம் இயந்திரத்தை வரையவும்.

2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தோப்பு தோப்பாகச் சாய்ந்தது. அப்போது வைத்த கன்றுகள் இப்போது காய்க்கின்றன. நெல்லுக்குப் பருவம் உண்டு, தேங்காய்க்கு ஏறக்குறைய 45 நாளைக்கு ஒரு வெட்டு, வருடம் முழுக்க. காய் விலை படுத்தால் கொப்பரை போட்டு வைக்கலாம் என்று பார்ப்போம். வெயில் மாதத்தில் களத்தில் பிரச்சினை இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் நாலு நாள் வானம் மூடாக்கு போட்டால் பருப்பில் பூஞ்சை பிடித்துவிடும். வியாபாரி தரம் பிரித்துக் கழித்துவிடுவான். அந்த நேரத்தில் பக்கத்தில் உலர்த்தி இருந்தால் கூலி கொடுத்துச் செய்ய நான் தயார், என்னை மாதிரி பத்துப் பேரை என்னாலேயே சேர்த்துத் தர முடியும். காய்ந்த கொப்பரைக்கு விலை கூடுதல் என்பதால் எடை குறைகிறதே என்ற கவலை எங்களுக்கு இல்லை.

ஒன்று மட்டும். புகை நேராகப் பருப்பில் படக் கூடாது. சாதா சூளையில் போட்டால் கறுத்துப்போகிறது, வாசமும் ஏறுகிறது. இதைத் தீர்த்தால் போதும். எரிக்கச் சிரட்டை நாங்களே தருகிறோம்.

பெண் பிள்ளை பட்டறை வைத்தால் யார் வருவார்கள் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. எங்கள் ஊரில் மட்டை மில்லை நடத்துவதே ஒரு அம்மாதான், லாரி பேரம் வரை அவர்தான் பேசுகிறார்.

மன்னை பட்டறை:

ஐயா சொன்னதைப் பிடித்துக்கொள்ளுங்கள். தேங்காய்ப் பருப்பில் பாதி தண்ணீர். 100 கிலோ பருப்பை 6 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் 47 கிலோ தண்ணீர் போக வேண்டும், நெல்லைவிடப் பல மடங்கு வேலை. அதனால் கூலியும் கூடுதலாகக் கேட்கலாம். புகை படாமல் இருக்க அடுப்புக்கும் அறைக்கும் நடுவில் வெப்பப் பரிமாற்றி வேண்டும். நீங்கள் படிக்கிற ஹீட் டிரான்ஸ்ஃபர் பாடமே அதுதான். தட்டு அமைப்பை மாற்றினால் அதே அறையில் விதைநெல்லும் போடலாம். விதைக்கு மட்டும் காற்றின் சூடு 43 டிகிரியைத் தாண்டக் கூடாது, தாண்டினால் முளைப்புத்திறன் போய்விடும். கொப்பரைக்கு அதைவிடச் சூடு தாங்கும். ஆக, சூட்டைக் கட்டுப்படுத்துவதுதான் இயந்திரத்தின் மூளை. புதிதாக ஏதாவது கண்டுபிடித்தால் அங்கேதான் கண்டுபிடிப்பீர்கள். காப்புரிமை பற்றி சார் சொன்னதும் அங்கேதான் பொருந்தும்.

கடனுக்கு வருகிறேன். மைனர் சான்றிதழுக்காக மானியத்தில் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கிடைக்காது. தமிழக அரசின் நீட்ஸ் திட்டம் உங்களுக்குப் பொருந்தும். முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கானது. திட்ட மதிப்பு 10 லட்சத்துக்கு மேல் 5 கோடி வரை, மூலதனத்தில் 25 சதவீத மானியம், உச்சவரம்பு 75 லட்சம், வட்டியில் 3 சதவீதம் சலுகை. பொதுப் பிரிவு ஆண்கள் 10 சதவீதம் சொந்தப் பணம் காட்ட வேண்டும், பெண்களுக்கு 5 போதும். திருவாரூர் மாவட்டத் தொழில் மையத்தில் விவரம் கேளுங்கள். 21 வயது அதில்தான் கேட்கிறார்கள். படிப்பு முடிவதற்குள் உங்களுக்கு ஆகிவிடும். ஆனால் மானியம் தருவது அரசு, கடன் தருவது வங்கி மேனேஜர். அவர் முன்னால் உட்கார்ந்து, இத்தனை தோப்புக்காரர்கள் வெட்டுக்கு இத்தனை கிலோ தருகிறேன் என்று எழுதித் தந்திருக்கிறார்கள் என்று காட்டினால் பேச்சே வேறு மாதிரி போகும்.

இயந்திரம் செய்யும் முன்பு, தஞ்சாவூர் புதுக்கோட்டை ரோட்டில் இருக்கும் நிஃப்டெம் என்ற தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். முன்பு நெல் பதன ஆராய்ச்சி மையம் என்று இருந்த இடம். உணவு பதப்படுத்தும் இயந்திரங்களும் தொழில் காப்பகமும் அங்கே இருக்கின்றன. துறைத் தலைவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள், உலர்த்திகளை ஓடுகிற நிலையில் பார்க்கலாம். திருச்சியில் 1986-லிருந்து டிரெக்-ஸ்டெப் இருக்கிறது, தொழில் தொடங்குகிறவர்களுக்குப் பயிற்சியும் வழிகாட்டலும் அங்கேயும் உண்டு.

முதல் மாதிரிக்கு ஒரு டன் வேண்டாம். 50 கிலோ போதும். பட்டறையில் டிரெய்லர் வேலையில் மிஞ்சிய தகடு, ஆங்கிள் எல்லாம் கிடக்கிறது, அதிலேயே செய்யலாம். பிளோயரும் சூடு பார்க்கிற சென்சாரும் மட்டும் நீங்கள் வாங்க வேண்டி வரும். ஆவணியில் வேலை கொஞ்சம் குறைவு, அப்போது அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். வெல்டிங்கை நீங்களே செய்ய வேண்டும், கற்றுத்தருகிறேன். வருவதற்கு முன்பு ஐயாவின் தோப்பில் ஒரு வெட்டுக்கு எவ்வளவு பருப்பு வரும், அதில் மழை மாதத்தில் எவ்வளவு கழிகிறது, வியாபாரி கிலோவுக்கு எவ்வளவு குறைத்தார் என்று மூன்றையும் எழுதிக்கொண்டு வாருங்கள். அறையின் அளவை அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.